எக்ஸ்பியும் உபுண்டுவும் மேக்கும் ஒரே வயரில்: சேர்த்து வைக்கலாமா?

மாசிவீதி அச்சகம்:

வணக்கம். மதுரை வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சின்ன அச்சகம் எங்களுடையது. அப்பா காலத்து டிரெடில் போய் ஆஃப்செட் வந்தது, இப்போது ஓரமாக டிஜிட்டலும் ஓடுகிறது. கம்ப்யூட்டரும் அதே கதைதான். ஒவ்வொரு காலத்துக்கும் ஒன்று மிச்சம் நிற்கிறது.

மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி. பேஜ்மேக்கர் 7-உம் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருளும் அதில்தான். பின்பக்கம் பேரலல் போர்ட்டில் ஒரு லாக் செருகியிருக்கும், அது இல்லாவிட்டால் எழுத்துரு திறக்காது. அடுத்தது விண்டோஸ் 7. ட்ரேசிங் பேப்பரில் மாஸ்டர் எடுக்கிற லேசர் பிரிண்டர் அதன் பேச்சை மட்டும்தான் கேட்கும். விண்டோஸ் 10 இரண்டு, ஒன்றில் கோரல்டிரா, ஒன்றில் டேலி. டிசைனுக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஐமேக் ஒன்று. எல்லோரும் ஃபைல் போட்டு எடுப்பதற்கு உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) ஏற்றிய பழைய டெஸ்க்டாப் ஒன்று, அதுதான் எங்கள் சர்வர். பாலிடெக்னிக் படிக்கிற அக்கா மகன் அதில் சாம்பா (லினக்ஸிலிருந்து விண்டோஸோடு ஃபைல் பகிர்கிற மென்பொருள்) போட்டு அமைத்துக் கொடுத்தான்.

போன வாரம் பக்கத்துத் தெருக் கடையில் ஃபைல் எல்லாம் பூட்டிக்கொண்டு காசு கேட்டிருக்கிறார்கள். பயந்துபோய் சர்வீஸ்காரரைக் கூப்பிட்டேன். “லினக்ஸ், மேக், விண்டோஸ் என்று கலந்து வைத்திருப்பதே ஓட்டை. எல்லாவற்றையும் தூக்கிவிட்டு விண்டோஸ் 11 ஆக்குங்கள்” என்று ஒரு கொட்டேஷன் கொடுத்தார். பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மருமகனோ, “விண்டோஸ்தான் ஓட்டையே, எல்லாவற்றையும் லினக்ஸ் ஆக்கலாம் மாமா” என்கிறான்.

யார் சொல்வது சரி? கார்த்திகை பிறந்துவிட்டது. தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் வர ஆரம்பித்தாயிற்று. இந்த நேரத்தில் கடை ஒரு நாள் படுத்தால் எனக்குத் தாங்காது.

வைகைக்கரையான்:

சர்வீஸ்காரர் விற்கத்தான் பேசியிருப்பார், ஆனால் சொன்னதில் பாதி சரி. 22 வருடமாக மில், கல்லூரி, ஆஸ்பத்திரி என்று மதுரையைச் சுற்றி இந்த வேலைதான் பார்க்கிறேன். ஐந்து வகை சிஸ்டம் வைத்திருந்தால் ஐந்து வகை அப்டேட்டைக் கவனிக்க வேண்டும். உங்கள் கடையில் அதற்கு யார் இருக்கிறார்கள்? பரீட்சை நேரத்தில் மருமகன் வருவாரா? ஒரே குடும்பமாக வைத்தால் ஒரு ஆள் போதும், ஒரு பழக்கம் போதும்.

எக்ஸ்பிக்கு அப்டேட் நின்றது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. ஆக, உங்களிடம் ஒழுங்காக அப்டேட் ஆகிற வாய்ப்புள்ளது அந்த உபுண்டுவும், ரொம்பப் பழையதில்லை என்றால் ஐமேக்கும்தான். அவற்றையும் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்.

பென்குயின்பித்தன்:

அண்ணே, இது சிறுமலை வாழை கதை மாதிரி இருக்கிறது. மலை முழுக்க ஒரே ரகம் வைத்தார்கள், முடிக்கொத்து நோய் வந்து வாரிக்கொண்டு போனது. இன்றைக்கு மார்க்கெட்டில் உண்மையான சிறுமலைப் பழத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே ரகமாக இருந்தால் ஒரு நோய் போதும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. டான் கீர் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2003-லேயே சில நண்பர்களோடு சேர்ந்து, உலகம் முழுக்க மைக்ரோசாஃப்ட்டையே நம்பியிருப்பது ஆபத்து என்று அறிக்கை எழுதினார். அதற்குப் பரிசாக அவர் வேலை போனது. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு கோணல் அப்டேட்டில் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையோடு உட்கார்ந்தன. நம் நாட்டு ஏர்போர்ட்டில் பேனாவால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். அது வைரஸ் கூட இல்லை, காவல்காரனே தடுக்கி விழுந்தது. லினக்ஸ், மேக் வைத்திருந்தவன் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

கலந்து வைப்பதுதான் பாதுகாப்பு. ஒன்று விழுந்தால் இன்னொன்று நிற்கும்.

வைகைக்கரையான்:

தம்பி, வாழையை எடுத்ததால் வாழையிலேயே முடிக்கிறேன். முடிக்கொத்து நோய் எப்படிப் பரவியது? அசுவினிப் பூச்சி ஒரு வழி. நோய் பிடித்த மரத்தின் கன்றை எடுத்து அடுத்த தோட்டத்தில் நட்டது இன்னொரு வழி. நாலு ரகம் நட்டு, எல்லாவற்றுக்கும் கன்றை ஒரே இடத்திலிருந்து வாங்கினால் என்ன பிரயோஜனம்? இவர் கடையில் அந்தக் கன்று என்பது ஷேர் ஃபோல்டர். எல்லா மெஷினும் அதில்தான் கை வைக்கிறது.

2017-க்கு வா. மே 12, ஃபைலைப் பூட்டிக் காசு கேட்கிற வான்னாக்ரை வைரஸ். விண்டோஸின் பழைய ஃபைல் பகிரும் நெறி எஸ்.எம்.பி. 1, அதில் இருந்த ஓட்டை வழியாக 150 நாடுகளுக்கு மேல் புகுந்தது. ஓட்டையை அடைக்கிற பேட்ச் மார்ச் 14-ஆம் தேதியே வந்துவிட்டது, போடாதவன் மாட்டினான். உன் ஆட்கள் அப்போதும் டீ குடித்திருப்பார்கள். சரியாக 12 நாள் கழித்து, மே 24-ஆம் தேதி, சாம்பாவில் ஓட்டை என்று அறிவிப்பு வந்ததே, அப்போது டம்ளரைக் கீழே வைத்தார்களா? சாம்பா 3.5 வந்த 2010-லிருந்து ஏழு வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்த ஓட்டை அது. விண்டோஸும் சாம்பாவும் சேர்த்து வைத்திருந்தவன் அந்த மே மாதம் இரண்டு முறை ஓடினான்.

பென்குயின்பித்தன்:

அந்த சாம்பா ஓட்டைக்கு, சாம்பாக்ரை என்பார்கள், எழுதும் அனுமதியுள்ள ஷேர் வேண்டும். பேட்ச் அன்றைக்கே கூடவே வந்தது. உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்டைத் தானாகப் போடுகிற வசதி இருக்கிறது, ராத்திரியே ஏறிக்கொள்ளும். எக்ஸ்பிக்கு யார் அனுப்புவார்கள்?

வைகைக்கரையான்:

“எழுதும் அனுமதியுள்ள ஷேர் வேண்டும்” என்கிறாயே, அச்சகத்தில் படிக்க மட்டும் அனுமதி கொடுத்து டிசைனர் எங்கே சேவ் பண்ணுவார்? சுவரிலா?

ஆனையூர் எட்டாம் நம்பர்:

எதற்கு இவ்வளவு சண்டை? எல்லாவற்றையும் மேக் ஆக்குங்கள். மேக்குக்கு வைரஸே வராது.

பென்குயின்பித்தன்:

2012-இல் ஃப்ளாஷ்பேக் என்ற ஒன்று ஜாவா ஓட்டை வழியாக 6 லட்சம் மேக்குகளில் புகுந்தது. வரும், குறைவாக வரும். இன்னொன்று, மேக்கை ஒன்றும் செய்யாத விண்டோஸ் வைரஸ் கூட மெயில் அட்டாச்மென்ட்டாக மேக்குக்கு வந்து, அங்கிருந்து ஷேர் ஃபோல்டருக்குப் போய், டேலி மெஷினில் திறக்கும். தனக்குக் காய்ச்சல் இல்லாமல் ஊருக்குக் கொடுக்கிற ஆள் மாதிரி.

(ஒரு பத்திரிகை அச்சகத்துக்கு ஆறு மேக் வாங்கச் சொல்கிற அன்பருக்கு ஒரு கும்பிடு.)

டிடிபி அக்கா:

ஆம்பளைங்க எல்லோரும் எக்ஸ்பியைத் தூக்கு தூக்கு என்று பேசுகிறீர்கள். அதில் உட்கார்ந்து வேலை பார்த்த ஒருத்தி சொல்கிறேன், கேளுங்கள்.

பேஜ்மேக்கரில் யூனிகோட் கிடையாது. பழைய எழுத்துருவில் “கொ” என்பது ஒரு எழுத்தில்லை. முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால், மூன்று தட்டு. யூனிகோடில் க முதலில் வந்து உயிர்க்குறி பின்னால் வரும். மாற்றித் தருகிற மென்பொருள் இருக்கிறது, பத்துக்கு ஒன்பது சரியாகத்தான் மாற்றும். அந்தப் பத்தாவது எங்கே விழும் தெரியுமா? மணமகளின் தாத்தா பெயரில். ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்தில் “ஸ்ரீ” இருந்த இடமெல்லாம் கட்டமாக வந்தது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தினோம். அதே பத்திரிகையில் “சௌ”-வின் பின்பாதி “ள” ஆக மாறி நின்றதை ஒருத்தரும் பார்க்கவில்லை. 500 கார்டு. திரும்ப அடித்தது யார் காசில் என்று கேட்காதீர்கள்.

வாடிக்கைக்காரர் வந்து, “எங்க அப்பா கல்யாணப் பத்திரிகை மாதிரியே அடிங்க” என்று 20 வருடத்துக்கு முந்தின கார்டை நீட்டுவார். அந்த ஃபைல் அந்த எக்ஸ்பியில்தான் இருக்கிறது. அதனால் எக்ஸ்பி இருக்கும். நெட் வயரைப் பிடுங்கிவிடுங்கள், பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தது.

வைகைக்கரையான்:

அக்கா, நீங்கள் சொல்கிற காரணம் நியாயம். ஆனால் பென் டிரைவ் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். 2008-இல் கிளம்பிய கான்ஃபிக்கர் வைரஸ் வயரிலும் பரவியது, பென் டிரைவிலும் பரவியது. 2010-இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் இணையமே இல்லாத ஈரான் அணு ஆலைக்குள் போனதற்கும் பென் டிரைவ்தான் வழி என்று சொல்கிறார்கள். உங்கள் கடையில் அந்த பென் டிரைவ் எங்கெங்கே போய்வரும்? வாடிக்கையாளர் போட்டோ கொண்டுவருவது அதில்தானே?

டிடிபி அக்கா:

எக்ஸ்பிக்கு என்று ஒரு சிவப்பு பென் டிரைவ், நூலில் கட்டி மானிட்டரிலேயே தொங்கும். வாடிக்கையாளர் பென் டிரைவ் அந்தப் பக்கமே போகாது. நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம். பேனாவை பேங்கில் கட்டிவைக்கவில்லையா, அது மாதிரி.

வில்லாபுரம் வயர்மேன்:

படித்தவர்கள் பேசுகிற இடத்தில் நான் வயர் இழுக்கிறவன், ஒரு கதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

போன வருடம் ஒரு பாத்திரக் கடை. பெயர் வேண்டாம். பில் போடுகிற மெஷின் நாலு, எல்லாம் விண்டோஸ். பின்னால் குடோனில் ஒரு லினக்ஸ் சர்வர். அதைப் போட்டவர் முதலாளியிடம், “லினக்ஸுக்கு வைரஸே வராது” என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு எனக்குப் போன். வயர் பிரச்சினை என்று நினைத்துக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் ஒரு ஃபைலும் திறக்கவில்லை. எல்லாப் பெயருக்கும் பின்னால் புதிதாக ஒரு வால் முளைத்திருக்கிறது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு கடிதம், “காசு அனுப்பு” என்று.

முதலாளி சர்வரைக் காட்டிக் கத்துகிறார், “வராதுன்னு சொன்னியேய்யா!” சர்வர் போட்டவர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தேடினார். சர்வரில் வைரஸ் இல்லை. நிஜமாகவே இல்லை. அது பாட்டுக்கு 140 நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆரோக்கியமாக. நடந்தது என்னவென்றால், முன்னால் பில் மெஷினில் ஒரு பையன் கூரியர் ரசீது என்று வந்த மெயிலைத் திறந்திருக்கிறான். அந்த மெஷினில் ஷேர் ஃபோல்டர் இசட் டிரைவ் என்று திறந்தே இருந்தது. வைரஸ் விண்டோஸில் உட்கார்ந்துகொண்டு, சர்வரிடம் ஒவ்வொரு ஃபைலாகக் கேட்டு வாங்கி, பூட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறது. சர்வரும் “சரிங்க” என்று எழுதி வைத்துக்கொண்டது. பாஸ்வேர்டே இல்லாத ஷேர் அது, யார் வந்தாலும் எழுதலாம்.

எது காப்பாற்றியது தெரியுமா? பேக்கப் எடுக்க ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கியிருந்தார்கள். அது எப்போதும் சர்வரில் செருகித்தான் இருக்க வேண்டும். குடோன் பையன் போன் சார்ஜ் போட போர்ட் இல்லாமல் அதைக் கழற்றி டிராயரில் போட்டிருக்கிறான், பதினொரு நாளாக. செருகியிருந்தால் அதுவும் போயிருக்கும், அந்த டிஸ்க்கும் அதே ஷேருக்குள்தான் இருந்தது. பதினொரு நாள் பில்லை மட்டும் கார்பன் காப்பி பார்த்துத் திரும்ப ஏற்றினார்கள். அந்தப் பையனைத் திட்டுவதா, சம்பளம் கூட்டுவதா என்று முதலாளிக்கே தெரியவில்லை.

நத்தம் ரோடு:

இது மாயர்ஸ்க் கதை மாதிரியே இருக்கிறது. 2017 ஜூன் 27, நாட்பெட்டியா வைரஸ். உக்ரைனில் எல்லோரும் வைத்திருந்த ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாக வந்து, டென்மார்க் கப்பல் கம்பெனியின் உலகம் பூரா இருந்த டொமைன் கன்ட்ரோலர்களை, அதாவது யார் உள்ளே நுழையலாம் என்று பார்க்கிற தலைமை சர்வர்களை, அழித்தது. ஒன்றே ஒன்று தப்பியது, கானா நாட்டில் இருந்தது. அந்த நேரம் அங்கே கரன்ட் போயிருந்ததாம். நம் ஊரில் இருந்திருந்தால் எல்லாமே தப்பியிருக்கும்.

பென்குயின்பித்தன்:

வயர்மேன் அண்ணே, அருமை. ஆனால் அந்தக் கதையில் குற்றவாளி கலப்பு இல்லை. அனுமதி. சர்வரும் விண்டோஸாக இருந்திருந்தால் அதேதான் நடந்திருக்கும். கூடுதலாக சர்வருக்குள்ளேயும் வைரஸ் ஏறி, வேறு கூத்தும் நடந்திருக்கும்.

வைகைக்கரையான்:

அதைத்தான் நானும் சொல்கிறேன். “லினக்ஸ் நடுவில் இருக்கிறது, பயமில்லை” என்ற நினைப்புதான் அந்தக் கடையைக் கவிழ்த்தது. விண்டோஸ் சர்வர் என்றால் பயந்துபோய் நாலு பூட்டாவது போட்டிருப்பார்கள்.

நாட்பெட்டியாவில் இன்னொரு பாடம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. பேட்ச் போட்ட மெஷினும் விழுந்தது. ஒரு மெஷினின் நினைவகத்தில் கிடந்த பாஸ்வேர்டை எடுத்து அடுத்ததில் நுழைந்தது. அச்சகத்துக்காரரே, எல்லா மெஷினுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்கிறீர்களா? சர்வர் நிர்வாகி பாஸ்வேர்டும் அதுவேதானா? அப்படியென்றால் எத்தனை ரகம் கலந்து வைத்தாலும் சாவி ஒன்றுதான்.

அப்புறம், மருமகனிடம் ஒன்று பார்க்கச் சொல்லுங்கள். எக்ஸ்பிக்கு எஸ்.எம்.பி. 1 தவிர வேறு பாஷை தெரியாது. சாம்பா 4.11 பதிப்பிலிருந்து, அதாவது 2019-இலிருந்து, அந்தப் பாஷையைத் தானாகவே மூடிவிட்டார்கள். விண்டோஸ் 10-இலும் 2017 கடைசியில் வந்த பதிப்பிலிருந்து புதிதாகப் போட்டால் அது வராது. இருந்தும் உங்கள் எக்ஸ்பி சர்வரோடு பேசுகிறது என்றால், யாரோ சாம்பா அமைப்பு ஃபைலில் கைவைத்துத் திறந்துவிட்டிருக்கிறார்கள். “சர்வர் மின் ப்ரோட்டோகால்” என்ற வரியில் “என்டி1” என்று இருக்கும். அந்த ஒரு வரி எக்ஸ்பிக்கு மட்டும் பொருந்தாது. முழு சர்வருக்கும் பொருந்தும். ஒரு கிழவரை உள்ளே விடத் தெருக் கதவையே கழற்றி வைத்த மாதிரி.

நான் கலப்பை எதிர்ப்பது இதற்காகத்தான். சிஸ்டம் நாலு விதமாக இருப்பதால் கெட்டுப்போவதில்லை. நாலும் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும் என்று, இருப்பதிலேயே பழையதன் அளவுக்கு மற்ற எல்லாவற்றையும் இறக்குகிறோம்.

பென்குயின்பித்தன்:

இதற்கு மறுப்பு இல்லை அண்ணே. ஆனால் அப்படிப் பார்த்தால் பிரச்சினை “கலப்பு” இல்லை, “எக்ஸ்பி”. விண்டோஸ் 7 கூட எஸ்.எம்.பி. 2.1 பேசும். அந்த வரியை ஒரு படி ஏற்றினால் எக்ஸ்பி மட்டும்தான் விழும், மற்ற ஐந்தும் ஓடும்.

ஒரு திருத்தமும்: வான்னாக்ரையில் எக்ஸ்பி பெரிதாகப் பரப்பவில்லை. அது தாக்கினதுமே நீலத் திரை காட்டிப் படுத்துக்கொண்டது. மாட்டியதில் பெரும்பகுதி பேட்ச் போடாத விண்டோஸ் 7. அச்சகத்துக்காரர் எக்ஸ்பியைப் பார்த்துக்கொண்டே இருந்து 7-ஐ மறந்துவிடக் கூடாது.

நத்தம் ரோடு:

எல்காட் கொடுத்த இலவச லேப்டாப் ஞாபகம் வருகிறது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் சேர்ந்து வந்தது. எங்கள் வகுப்பில் முதல் வாரமே பாஸ் லினக்ஸை அழித்துவிட்டு அந்த இடத்தில் படம் ஏற்றினோம். கலப்பின் பயன் எங்களுக்கு அவ்வளவுதான்.

பென்குயின்பித்தன்:

நெஞ்சில் குத்தாதீர்கள். அந்த பாஸ் நம் சென்னை சி-டாக் செய்தது.

வில்லாபுரம் வயர்மேன்:

ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். கடையில் கேமரா இருக்கிறதா? அந்த டிவிஆர் பெட்டி எந்த சுவிட்சில் செருகியிருக்கிறது? பெரும்பாலும் அதற்குள்ளும் ஓடுவது லினக்ஸ்தான். வாங்கின நாளிலிருந்து அப்டேட் கண்டிருக்காது, பாஸ்வேர்டு 1-லிருந்து வரிசையாக இருக்கும். 2016-இல் மிராய் என்று ஒன்று இந்த மாதிரிப் பெட்டிகளையும் கேமராக்களையும் பிடித்துத்தான் அமெரிக்காவில் பல பெரிய வெப்சைட்டுகளைத் திணற வைத்தது. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் அதிகமாகப் பார்க்கிற திறந்த வீடு லினக்ஸ் வீடுதான்.

டிவிஆரைத் தனியாகப் பிரியுங்கள். பையன்கள் போனுக்கு ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை போட்டுவிடுங்கள். சில ஆயிரத்துக்கு மேனேஜ்டு சுவிட்ச் வருகிறது, ஒரே சுவிட்சில் நாலு தனி வீடு மாதிரி பிரித்துக்கொள்ளலாம்.

வைகைக்கரையான்:

வயர்மேன் சொல்வதுதான் வேலைக்கு ஆகிற பேச்சு. 2019-இல் கூடங்குளத்தில் என்ன நடந்தது? நிர்வாக வேலைக்கான நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் இருந்தது உண்மை என்று அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. முதல் நாள் மறுத்துவிட்டு, மறுநாள். ஆனால் உலையைப் பார்த்துக்கொள்கிற நெட்வொர்க் அதிலிருந்து பிரிந்து இருந்ததால் அங்கே போகவில்லை என்றார்கள். அங்கே விண்டோஸா லினக்ஸா என்ற கேள்வியே எழவில்லை. இரண்டுக்கும் நடுவில் வயர் இல்லை, அவ்வளவுதான்.

மாசிவீதி அச்சகம் (நான்கு நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மருமகனோடு உட்கார்ந்தேன்.

வைகைக்கரையான் சார் ஜோசியம் பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறார். அந்த “என்டி1” வரி இருந்தது. அதற்குக் கீழேயே பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் நுழையலாம் என்ற வரியும் இருந்தது. “எக்ஸ்பி சேரவே மாட்டேன்னுச்சு மாமா, யூட்யூப்ல பார்த்து இப்படிப் போட்டேன்” என்றான். பாஸ்வேர்டு எல்லாம் ஒன்றுதான், அதுவும் கடை பெயரும் கட்டிய வருடமும்.

இப்போது ஆளுக்கொரு பாஸ்வேர்டு. டேலி ஃபோல்டரில் டேலி மெஷின் மட்டும்தான் எழுதும். முடிந்த வேலைகள் எல்லாம் படிக்க மட்டும். எக்ஸ்பிக்கு மட்டும் அந்த வரியை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு ஏற்ற முடியுமா என்று பார்த்தோம், முடியவில்லை.

வைகைக்கரையான்:

முடியாது. அது ஃபோல்டருக்கு ஃபோல்டர் மாற்றுகிற வரி இல்லை.

பென்குயின்பித்தன்:

சார், எக்ஸ்பிக்கு சாம்பாவே வேண்டாம். உபுண்டுவில் இரண்டாவதாக ஒரு நெட்வொர்க் கார்டு போடுங்கள், பழையது சும்மாவே கிடைக்கும். எக்ஸ்பியிலிருந்து ஒரே ஒரு கேபிள் நேராக அதற்கு, சுவிட்சில் படவே கூடாது. அந்தக் கார்டில் மட்டும் எஃப்டிபி, ஃபைல் அனுப்புகிற பழைய முறை. எக்ஸ்பியில் மை கம்ப்யூட்டர் முகவரிப் பட்டியிலேயே எஃப்டிபி திறக்கும், ஃபோல்டர் மாதிரி இழுத்துப் போடலாம். எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்காமல் போகும்தான், ஆனால் இரண்டு மெஷினுக்கு நடுவில் ஒரு வயரில் ஒட்டுக்கேட்க யார் இருக்கிறார்கள்? சர்வர் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு வழி விடாதபடி மட்டும் மருமகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, சர்வர் டிஸ்க்கை பிடிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சேமிப்பு முறைக்கு மாற்றி மணிக்கொரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையின் பதிவு) எடுக்க வையுங்கள். விண்டோஸில் உட்கார்ந்திருக்கிற வைரஸுக்கு அந்த ஸ்னாப்ஷாட்டை அழிக்க அதிகாரம் இல்லை. பாத்திரக் கடை மாதிரி நடந்தால் ஒரு மணி நேர வேலை மட்டும்தான் போகும். இதற்காகவே லினக்ஸ் நடுவில் இருக்கட்டும் என்பேன்.

வைகைக்கரையான்:

இந்த இடத்தில் தம்பியோடு ஒத்துப்போகிறேன், தேதி குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்னாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கும். டிஸ்க் செத்தால் அதுவும் சாகும். டிராயர் டிஸ்க் வேண்டும். வாரம் இருமுறை செருகி, எடுத்து, கழற்றி டிராயரில் போடுங்கள்.

விண்டோஸ் 10 இரண்டையும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லவில்லையே. அவை விண்டோஸ் 11 ஏற்குமா என்று பாருங்கள். டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லாத பழைய மெஷின் என்றால் ஏற்காது. கோரல்டிராவும் டேலியும் லினக்ஸில் ஒழுங்காக ஓடும் என்று தம்பி சொல்ல வந்தால் முகூர்த்தம் முடிந்தபின் சொல்லட்டும்.

பென்குயின்பித்தன்:

லினக்ஸில் விண்டோஸ் மென்பொருளை ஓட்டுகிற வைன் போட்டு டேலியை ஓட்டலாம்... சரி, முகூர்த்தம் முடியட்டும்.

மாசிவீதி அச்சகம்:

டேலி மெஷின் ஏற்கிறது, மாற்றியாயிற்று. கோரல்டிரா மெஷின் ஏற்கவில்லை. அதில் மெயிலும் பிரவுசரும் எடுத்துவிட்டேன், தை கழிந்து புதிது வாங்கிக்கொள்ளலாம். எக்ஸ்பிக்குத் தனிக் கேபிள் போட்டாயிற்று, எஃப்டிபி வேலை செய்கிறது. சிவப்பு பென் டிரைவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன் அக்கா, கேபிள் படுத்தால் உதவும் என்று.

ஒரு புதுச் சிக்கல். அந்த வரியை ஏற்றியதிலிருந்து காப்பியர் மெஷினில் ஸ்கேன் செய்தால் ஃபோல்டருக்கு வரமாட்டேன் என்கிறது. எக்ஸ்பியை மட்டும்தான் கிழவர் என்று நினைத்தோம்.

வைகைக்கரையான்:

அதுவும் எஸ்.எம்.பி. 1 மட்டும் தெரிந்த மெஷினாக இருக்கும். செகண்ட் ஹேண்டில் இறக்குகிற காப்பியர்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். பேனலில் எஃப்டிபிக்கு ஸ்கேன் அனுப்புகிற வசதி இருக்கும், எக்ஸ்பிக்குப் போட்டதையே இதற்கும் தனி ஃபோல்டராகக் கொடுங்கள். தயவுசெய்து அந்த வரியைப் பழையபடி இறக்கிவிடாதீர்கள்.

மாசிவீதி அச்சகம்:

இறக்கவில்லை சார். நாளைக்கு மருமகன் வருவான். அதுவரை ஸ்கேன் செய்வதை நிறுத்திவிட்டு போனில் போட்டோ பிடிக்கிறோம். இப்போது ப்ரூஃப் பார்க்க உசிலம்பட்டியிலிருந்து பெண் வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

டிடிபி அக்கா:

தாத்தா பெயரை முதலில் பாருங்கள்.